இணைப்புக் கருவியின் பழுதும் யாம் கற்ற பாடமும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதலே நம் சங்கத்தின் மரபு. இன்று அம்மரபினின்றும் சற்றே விலகி, ஒரு சிறு கருவியின் பழுதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஒருவர் பேசினும், பணியில் கைவைத்தவர் ஐவர் ஆதலின், 'நாங்கள்' என்றே சொல்லுகிறோம்.

நம் காலனியில் எல்லோரும் 'தாத்தா' என்றழைக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஆலைப் பணியோடு அமெச்சூர் வானொலிக் கலையிலும் நாற்பது ஆண்டு பழகியவர். மத்திய அரசின் உரிமம் பெற்றவர். குவார்ட்டர்ஸில் வாழ்ந்த காலத்தில் தோட்டத்து மரங்களுக்கிடையே கம்பி கட்டி, காலைதோறும் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தமிழ்நாட்டு நண்பர்களோடு உரையாடுவார். பணி ஓய்வு வந்தது, குவார்ட்டர்ஸ் போயிற்று. இப்போது வசிப்பது அடுக்குமாடி வீட்டின் நான்காம் மாடி. அங்கே கம்பி கட்ட இடமும் இல்லை, இசைவும் இல்லை. பல்லாண்டு ஒலித்த குரல் ஒரே நாளில் அடங்கிற்று.

தஞ்சாவூரில் உள்ள அவர்தம் நண்பர் ஒருவர் நோயுற்றுப் படுத்திருக்கிறார் என்ற செய்தி சென்ற ஆண்டு வந்தது. "தொலைபேசி இருக்கிறதே, தாத்தா" என்றோம். "தொலைபேசியில் இருவர் பேசுகிறோம். வானொலியில் ஒரு கூட்டமே உடன் அமர்ந்திருக்கிறது. அவன் அந்தக் கூட்டத்தைக் கேட்க விரும்புகிறான்" என்றார். கண்பார்வை மங்கிய அவர்க்குக் கைப்பேசியின் திரையும் பகை. ஒரு பொத்தானை அழுத்திப் பேசும் கைவானொலி ஒன்றே அவர் விரல்களுக்கு இணங்குவது.

இதற்கொரு வழி உண்டு என்று அறிந்தோம். வானொலியையும் இணையத்தையும் பிணைக்கும் முறைகள் சில உலகில் வழங்குகின்றன. 1997-இல் கனடாவில் டேவிட் கேமரான் என்பார் ஐ.ஆர்.எல்.பி. என்ற முறையைத் தொடங்கினார். 2002-இல் அமெரிக்கரான ஜொனாதன் டெய்லர் எக்கோலிங்க் என்பதை வெளியிட்டார். உரிமம் உடையவரா என்று சரிபார்த்த பின்னரே எக்கோலிங்க் எவரையும் உள்ளே விடும். எங்கள் கருவி இவ்வழியைச் சேர்ந்தது. தாத்தாவின் கைவானொலி பேசுவதை மேசைமேல் உள்ள மற்றொரு சிறு வானொலி வாங்கும். அதனை ஓர் ஒலி அட்டை கணிப்பொறிக்குத் தரும். ராஸ்பெர்ரி பை என்னும் அந்த உள்ளங்கை அளவுக் கணிப்பொறி இணையத்தின் வழியே தஞ்சாவூர்க்கு அனுப்பும். மறுமொழியும் இதே வழியில் திரும்பும். இதனை இயக்கும் எஸ்.வி.எக்ஸ்.லிங்க் என்ற நிரல் விலையின்றிக் கிடைப்பது. உரிம நிபந்தனைகளை முதலில் படித்து, ஐயங்களை எழுதிக் கேட்டுத் தெளிந்த பின்னரே வேலையில் இறங்கினோம். ஒலிபரப்பும் பொத்தானை உரிமம் பெற்றவர் தவிர எவரும் தொடவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கருவி முடிந்தது. பழுது நீக்க ஏழு வாரங்கள் சென்றன!

முதற் பழுது. வானொலி ஒலிபரப்பத் தொடங்கிய கணமே கணிப்பொறி மயங்கி, மீண்டும் முதலிலிருந்து விழித்தது. நிரலைக் குறை கூறினோம், மும்முறை புதிதாக எழுதிப் பதித்தோம், பயனில்லை. இறுதியில் மின் அழுத்தத்தை அளந்தோம். பழைய கைப்பேசி மின்னூட்டி ஒன்றைச் சிக்கனம் கருதிப் பூட்டியிருந்தோம். 5 வோல்ட் வேண்டிய இடத்தில், சுமை ஏறியதும் அழுத்தம் சரிந்தது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அக்கணிப்பொறியே மின்னல் குறி காட்டி எச்சரிக்கும். திரையே இணைக்காத எங்களுக்கு அந்த எச்சரிக்கை எப்படித் தெரியும்? 2.5 ஆம்பியர் தரவல்ல நல்ல மின்னூட்டி வாங்கியதும் மயக்கம் தெளிந்தது.

இரண்டாம் பழுது. எக்கோலிங்க் பட்டியலில் எங்கள் பெயர் விளங்கிற்று. ஆயினும் எவர் அழைத்தாலும் குரல் வந்து சேரவில்லை. பெயரைப் பதிவு செய்யும் செய்தி ஒரு வாயிலாலும், குரல் வேறு வாயில்களாலும் செல்வதே காரணம். குரலுக்கென 5198, 5199 என்ற இரு யு.டி.பி. வாயில்களை வீட்டு ரௌட்டரில் திறந்து, கணிப்பொறியை நோக்கித் திருப்ப வேண்டும். திருப்பினோம், குரல் வந்தது. மறுநாள் மின்வெட்டு, மீண்டும் மௌனம்! மின்சாரம் திரும்பியபோது ரௌட்டர் எங்கள் கணிப்பொறிக்குப் புதிய உள் முகவரி ஒன்றை அளித்துவிட்டது. பழைய முகவரியோ தாத்தா வீட்டுத் தொலைக்காட்சிக்குப் போயிற்று. தஞ்சாவூரிலிருந்து வந்த குரலெல்லாம் பேசாத தொலைக்காட்சியின் வாயிலைத் தட்டிக்கொண்டு நின்றது. கணிப்பொறிக்கு மாறாத முகவரி ஒதுக்கியதும் இப்பழுது நீங்கிற்று.

இவ்விடத்தில் ஒன்று கூறுதல் வேண்டும். சில வீடுகளில் இதுவும் பயன்படாது. இணைய நிறுவனம் ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருவதுண்டு. ரௌட்டர் காட்டும் வெளி முகவரியும், வெளியுலகம் காணும் முகவரியும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ரௌட்டர் காட்டுவது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், அது பங்கிட்ட முகவரி. அப்போது நிறுவனத்தினிடம் தனி முகவரி கேட்க வேண்டும். அன்றி, எக்கோலிங்க் பிராக்சி என்னும் இடைத்தரகுக் கணிப்பொறியை நாட வேண்டும். எங்கள் நற்பேறு, இரண்டும் ஒத்திருந்தன.

மூன்றாம் பழுதே எங்களைத் திணற அடித்தது. ஒருமுறை ஒலிபரப்பத் தொடங்கினால் வானொலி ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டே இருந்தது. அலைவரிசை நம் சொத்தன்று, பலர்க்கும் பொது. உடனே மின்சாரத்தை நிறுத்தினோம். ஏரியலைக் கழற்றி, அதன் இடத்தில் டம்மி லோடு என்னும் 50 ஓம் சுமையைப் பூட்டிப் பார்த்தோம். அது ஆற்றலை வெப்பமாக்கி உண்டுவிடும், வெளியே விடாது. பழுது மறைந்தது! ஏரியலைப் பூட்டினோம், பழுது திரும்பியது. ஆகவே குற்றம் நிரலில் இல்லை. ஏரியல் வீசும் அலையே நம் கம்பிகளுள் புகுந்து, ஒலி அட்டையை ஏமாற்றுகிறது என்பது தெள்ளிதின் விளங்கிற்று. ஏரியலை மேசையிலிருந்து பால்கனிக்கு மாற்றினோம். ஒலி அட்டைக் கம்பியைக் குறுக்கி, ஃபெரைட் வளையத்தில் சில சுற்றுச் சுற்றினோம். 5 வாட் ஆற்றலை 1 வாட்டாகக் குறைத்தோம். மூன்று நிமிடத்துக்கு மேல் ஒலிபரப்பு நீளாதபடி நிரலில் எல்லையும் வகுத்தோம். இந்த எல்லையை முதல் நாளே வகுத்திருக்க வேண்டும். அது எங்கள் பிழை.

நான்காவது, குரல் கரகரத்தது. எக்கோலிங்கில் 9999 என்ற எண்ணை அழைத்தால், நாம் பேசியதை நமக்கே திருப்பிச் சொல்லும். அதில் கேட்டுக் கேட்டு ஒலியளவைப் பாதிக்கும் கீழாகக் குறைத்தோம், குரல் தெளிந்தது. உரக்கப் பேசினால்தான் தொலைவுக்குக் கேட்கும் என்று எண்ணியது பேதைமை.

எல்லாம் முடிந்ததென்று மகிழ்ந்து, தாத்தாவின் கையில் கைவானொலியைக் கொடுத்தோம். தஞ்சாவூர் நண்பர் பேசினார். ஏனைய நண்பர்களும் ஒவ்வொருவராக வந்தனர். கூட்டம் கூடிவிட்டது. நாங்கள் கைதட்டினோம். தாத்தாவின் முகத்திலோ முழு மகிழ்ச்சி இல்லை. வினவினோம்.

"எல்லாம் நன்றாகக் கேட்கிறது. ஆனால், ஒவ்வொரு முறையும் அவன் 'அண்ணா' என்று அழைத்துத்தான் தொடங்குவான். அந்தச் சொல் மட்டும் கேட்கவில்லை" என்றார்.

சான்றிதழ் பெற்ற பொறியாளர் இருவர் எங்களுள் உண்டு. எவர் காதிலும் படாத குறை அவர் காதில் பட்டது! ஆராய்ந்தோம். வானொலி ஒலிபரப்பத் தொடங்கி, கைவானொலி அதனை உணர்ந்து வாய் திறக்கச் சிறிது நேரம் ஆகும். அதற்குள் முதற்சொல் ஓடிவிடுகிறது. ஒலிபரப்பு தொடங்கியபின் அரை நொடி காத்துக் குரலை விடும்படி நிரலில் 500 மில்லி நொடி என்று எழுதினோம். ஒரே ஒரு வரி! மறுநாட் காலை 'அண்ணா' என்ற சொல் முழுமையாக வந்தது. தாத்தா பதில் சொல்லச் சற்றுத் தாமதித்தார். அத்தாமதத்துக்குக் காரணம் கருவி அன்று.

அன்பர்களே! இதனால் யாம் கற்றவை மூன்று. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுக. இரண்டை மாற்றினால் எது தீர்த்தது என்று அறிய இயலாது. செய்ததையெல்லாம் குறிப்பேட்டில் எழுதுக. பயன்படுத்துவோரைக் கேளாமல், பழுது தீர்ந்ததென்று கூறற்க. நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து என்று திருக்குறள் மருத்துவர்க்கு வகுத்த நெறி கருவிக்கும் பொருந்துவதே.

மற்றொன்றும் உண்டு. இணையம் அறுந்தால் இக்கருவி ஊமை. 2004 டிசம்பரில் டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் அவர்கள் அமெச்சூர் வானொலிப் பணிக்காகப் போர்ட் பிளேரில் இருந்தார். 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொடர்புகள் அற்றபோது, சிற்றலை வானொலியின் வழியே செய்திகளைத் தாய்நிலத்துக்கு அனுப்பினார். அன்று துணை நின்றது வானமும் கம்பியுமே. ஆதலின் எங்கள் கருவியைப் பாலம் என்றே கொள்கிறோம். அடிப்படைக் கலையைக் கைவிட எண்ணவில்லை. குடியிருப்போர் சங்கம் இசைந்தால், மொட்டை மாடியில் ஒரு கம்பி கட்ட விரும்புகிறோம். இம்மேடையிலேயே அவ்வேண்டுகோளை முன்வைக்கிறோம்.

பன்னிரண்டு வயது நிரம்பிய எவரும் நம் நாட்டில் இதற்கான தேர்வு எழுதலாம். ஞாயிறு மாலைகளில் தாத்தா கற்பிக்க இசைந்துள்ளார். பெற்றோர் தம் மக்களை, சிறப்பாகப் பெண்மக்களை, அனுப்பி வைக்க வேண்டுகிறோம். தஞ்சாவூர் நண்பர் இன்னும் காலைதோறும் அழைக்கிறார். அக்குரலைக் கேட்க விழைவோர் ஏழு மணிக்குத் தாத்தா வீட்டுக்கு வரலாம், காபி உண்டு.