செவிக்கவசமும் மின்னணுக் கருவியும்
(உரை வடிவம்)

தொழில் வளர்ச்சியை உற்பத்திப் புள்ளிவிவரங்களைக் கொண்டு அளப்பது வழக்கம். அவ்வுற்பத்தியில் ஈடுபட்டுள்ள தொழிலாளி சிறிது சிறிதாக இழந்துவரும் செவிப்புலன் அப்புள்ளிவிவரங்களில் இடம்பெறுவதில்லை. உட்செவியிலுள்ள நுண்மயிர் உயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய ஒலிகளே முதலில் கேளாமற் போகின்றன. பிறர் பேச்சு விளங்காத நிலை பின்னரே தோன்றுவதால், கேடு முற்றிய பிறகே தொழிலாளி அதனை உணர்கிறார்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக இரைச்சலால் விளையும் செவிட்டுத்தன்மையும் சேர்க்கப்பட்டிருந்தது. அச்சட்டத்தையொட்டி வகுக்கப்பட்ட மாதிரி விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்ற வரம்பை விதித்தன. இரைச்சல் 95 டெசிபலானால் 4 மணி நேரமும், 100 டெசிபலானால் 2 மணி நேரமும் மட்டுமே அங்கிருக்கலாம். இரைச்சலை அது பிறக்கும் இயந்திரத்திலேயே தணிப்பதுதான் முதல் வழி. அது இயலாத இடங்களில் செவிக்கவசம் இன்றியமையாததாகிறது.

கழற்றப்படும் கவசம்

கவசம் வழங்குவதோடு கடமை முடிவதில்லை. ஓர் உலோகப் பட்டறையில் தலைக்கு மேல் கிரேன் நகர்கிறது. அதன் எச்சரிக்கை மணியையோ மேற்பார்வையாளரின் குரலையோ கேட்பதற்காகத் தொழிலாளி கவசத்தைக் கழற்றுகிறார். 30 டெசிபல் தணிக்கும் கவசத்தை 8 மணி நேரத்தில் அரை மணி நேரம் மட்டும் கழற்றி வைத்தாலும், செவியைச் சேரும் மொத்த ஒலியாற்றலின்படி அன்றைய பாதுகாப்பு ஏறத்தாழ 12 டெசிபலாகக் குறைந்துவிடுகிறது. எனவே கவசத்தைக் கழற்ற வேண்டிய தேவையையே நீக்குவதுதான் அதனுள் மின்னணுக் கருவியைப் பொருத்துவதன் நோக்கமாகும்.

இக்கருவியின் செயல்முறை எளியது. கிண்ணத்தின் வெளிப்புறத்திலுள்ள ஒலிவாங்கி சுற்றுப்புற ஒலியைப் பெற்று, உட்புறத்திலுள்ள சிறு ஒலிபெருக்கி வாயிலாகச் செவிக்குத் தருகிறது. வெளியிரைச்சல் மிகும்போது, உட்புற ஒலி குறிப்பிட்ட அளவைத் தாண்டாதவாறு மின்சுற்று கட்டுப்படுத்துகிறது. பல கருவிகளில் இவ்வளவு 82 டெசிபல் என அமைக்கப்படுகிறது. ஒவ்வொரு கிண்ணத்திற்கும் தனி ஒலிவாங்கியும் தனி மின்சுற்றும் இருத்தல் நலம். இரு செவிகளுக்கும் ஒரே ஒலி சென்றால், கிரேன் எத்திசையிலிருந்து வருகிறது என்பதைத் தொழிலாளி அறிய முடியாது.

கிண்ணத்தினுள் இடம்

வடிவமைப்பாளர் எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கல் இடம் பற்றியது. கிண்ணத்தினுள் அடைபட்டுள்ள காற்று வெற்றிடமன்று. அது ஒரு வில்லைப் போல் செயல்படுகிறது. தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளைத் தடுக்கும் திறன் அக்காற்றின் கனஅளவையும் மெத்தையின் விறைப்பையும் பொறுத்தது. மின்சுற்றும் மின்கலமும் உட்புறத்தை அடைத்துக் காற்றின் கனஅளவைப் பாதியாக்கினால், தாழ்ந்த அதிர்வெண்களில் 6 டெசிபல் வரை பாதுகாப்பு குறையக்கூடும். அவற்றிற்கு இடந்தரும் பொருட்டு உட்புறத்து நுரைப்பஞ்சை வெட்டி எறிந்தால், உயர்ந்த அதிர்வெண் ஒலிகள் கிண்ணத்தினுள் எதிரொலித்து வலுப்பெறும்.

ஆகவே மின்கலத்தை உட்காற்றோடு தொடர்பில்லாத தனி அறையில் வைத்து, வெளிப்புறமாகத் திறக்குமாறு மூடியமைப்பது சிறந்த முறையாகும். மின்கலத்தை ஒரு கிண்ணத்திலும் மின்சுற்றின் பெரும்பகுதியை மற்றொன்றிலும் வைத்தால் எடை சமன்படும். எடை ஒருபுறம் சாய்ந்தால் கவசம் நழுவும். நழுவுவதைத் தடுக்கத் தலைப்பட்டையை இறுக்கினால் வலி உண்டாகும். வலித்தால் தொழிலாளி அதனைக் கழற்றிவிடுவார்.

ஒலிவாங்கிக்கும் கம்பிக்கும் கிண்ணத்தில் இடும் துளைகள் காற்றுப்புகாதவாறு அடைக்கப்பட வேண்டும். ஊசித்துளை போன்ற சிறு கசிவும் தடுப்பாற்றலைக் குறைத்துவிடும். ஒலிவாங்கியைக் கிண்ணத்தின் சுவரோடு விறைப்பாகப் பிணைக்காமல் ரப்பர் போன்ற மென்பொருளில் பதித்தால், சுவரின் அதிர்வு ஒலியாக மாறிச் செவியை அடையாது.

எதிர் ஒலியால் தணித்தல்

இரைச்சலுக்கு நேர்மாறான ஒலியலையை உண்டாக்கி இரைச்சலை அடக்கலாம் என்னும் கருத்திற்குப் பால் லூக் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். விமான ஓட்டிகளுக்கான இத்தகைய செவிக்கருவி 1989-இல் விற்பனைக்கு வந்தது. இம்முறை தாழ்ந்த அதிர்வெண்களில் நன்கு பயன்படுகிறது. உயர்ந்த அதிர்வெண்களில் கிண்ணமும் நுரைப்பஞ்சுமே காவலாக நிற்கின்றன. எனவே மின்னணுவியலை நம்பிக் கிண்ணத்தின் தரத்தைத் தளர்த்துவது தவறாகும்.

இந்தியச் சூழலும் கொள்முதலும்

கோடை வெப்பமும் வியர்வையும் புழுதியும் நிறைந்த பணியிடங்களில் மெத்தை விரைவில் விறைத்து வெடிக்கிறது. அதனைத் தொழிலாளியே கழற்றி மாற்றும்படி அமைத்தல் வேண்டும். வியர்வை மின்சுற்றை அடையாதவாறு காப்பும், காற்றின் இரைச்சலைக் குறைக்க ஒலிவாங்கியின் மேல் நுரை உறையும் தேவை. எரிவாயு சூழக்கூடிய இடங்களில் பொறி எழுப்பாத மின்சுற்றுகளையே அனுமதிக்க வேண்டும்.

கொள்முதல் அலுவலர்கள் மூன்று கேள்விகளை எழுப்புதல் தகும். தடுப்பாற்றல் மின்னணுக் கருவியைப் பொருத்திய பிறகு அளக்கப்பட்டதா? மின்கலம் தீர்ந்த நிலையிலும் கவசம் முழுப் பாதுகாப்புத் தருமா? தலைக்கவசத்தோடும் கண்ணாடியோடும் சேர்த்து அணிய இயலுமா? கண்ணாடியின் காம்பு மெத்தைக்கு அடியில் உண்டாக்கும் இடைவெளியே சில டெசிபல் பாதுகாப்பைப் பறித்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் பெற்ற உயர்ந்த எண்ணைக் காட்டிலும், வேலை நேரம் முழுவதும் செவியின்மீது தங்கியிருக்கும் கவசமே மேலானது. காக்கவும் கேட்கவும் ஒருங்கே இடந்தரும் கிண்ணத்தை உருவாக்குவது பொறியியல் மாணவர்களுக்கு உரிய பணி. அத்தகையதைத் தேர்ந்து வழங்குவது அலுவலர்களின் பொறுப்பு.