பதக்கம் காணாத போர்க்களம்

போரில் வென்றோருக்கு விருதும் பதக்கமும் வழங்குதல் ஐரோப்பிய அரசுகளின் மரபு. ஆயினும், பிரித்தானியாவில் அச்சிறப்பு நெடுங்காலம் பெரும்பாலும் உயர்நிலை அதிகாரிகளுக்கே உரியதாயிருந்தது. 1815ஆம் ஆண்டின் வாட்டர்லூப் போருக்கே, தளபதி முதல் கடைநிலைச் சிப்பாய் வரை அனைவர்க்கும் ஒரே பதக்கத்தைப் பிரித்தானிய முடியரசு முதன்முதலாக அளித்தது.

அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வன்னியிலும் ஒரு போர் நிகழ்ந்தது. 1803 ஓகஸ்ட் 25ஆம் நாள் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் கப்டன் வொன் ட்றிபேர்க்கின் படை அவனைத் தோற்கடித்தது. 1793 முதல் 1814 வரை நடந்த போர்களுக்கென 1847இல் ஒரு பதக்கம் அறிவிக்கப்பட்டது. அதன் பட்டிகளில் பொறிக்கப்பட்ட 29 பெயர்களுள் இலங்கைக் களம் ஒன்றேனும் இடம்பெறவில்லை.

கற்சிலைமடுவுக்குக் கிடைத்தது ஒரு கல்லே. ட்றிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் அதுவென ஆங்கிலத்தில் அறிவிக்கும் கல் அங்கு நாட்டப்பட்டது. வென்றவனைப் போற்ற எழுந்த அக்கல் தோற்றவனின் பெயரையும் தாங்கி நின்றது. வன்னி மக்கள் அதனைத் தம் மன்னனின் நினைவுக்கல்லாகவே கொண்டனர். பிற்காலத்தில் வவுனியாவில் அவனுக்குச் சிலையும் எழுந்தது. ட்றிபேர்க்கின் பெயர் வன்னியில் இன்று சொல்லப்படுவதும் பண்டாரவன்னியனின் வரலாற்றைச் சொல்லும்போது மட்டுமே.