எதிர்பாராத முதல் கல்



1933 அக்டோபர் 16. டோக்கியோவில் ஒரு கோ ஆட்டம் தொடங்குகிறது. வெள்ளைக் கற்களோடு அமர்ந்திருப்பவர் ஹோனின்போ ஷூசாய், வயது 59. முந்நூறு ஆண்டுப் பழமையுள்ள ஹோனின்போ பரம்பரையின் 21ஆம் தலைவர். எதிரே கறுப்புக் கற்களோடு 19 வயது இளைஞர் கோ செய்கென். சீனாவில் பிறந்து, 14 வயதில் ஜப்பானுக்கு வந்தவர்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பலகையில் குறுக்கும் நெடுக்குமாக 19 கோடுகள். நம் ஆடுபுலி ஆட்டத்தைப் போலவே கட்டத்துக்குள் இல்லை, கோடுகள் கூடும் புள்ளியில்தான் கல்லை வைக்க வேண்டும். மொத்தம் 361 புள்ளிகள். வைத்த கல் நகராது. யார் அதிக இடத்தை வளைக்கிறார் என்பதே போட்டி. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது புள்ளிகளை வளைக்க வேண்டுமென்றால் மூலையில் 6 கல் போதும், ஓரத்தில் 9 வேண்டும், நடுப்பலகையில் 12. அதனால்தான் முதலில் மூலை, பிறகு ஓரம், கடைசியில் நடு என்று காலங்காலமாகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்த இளைஞர் என்ன செய்தார்? முதல் கல்லை வலது மேல் மூலையில், மூன்றாம் கோடுகள் இரண்டும் கூடும் 'சான்சான்' புள்ளியில் வைத்தார். ஹோனின்போ பள்ளியில் அங்கே தொடங்குவது விலக்கப்பட்ட காரியம். 'கிமோன்', அதாவது பேய் வாசல் என்று அதற்குப் பெயர். ஜப்பானியருக்கு வடகிழக்குத் திசைதான் பேய் வாசல். நாமோ அதே திசையை ஈசானிய மூலை என்று பூசையறைக்கு ஒதுக்குகிறோம்! அடுத்த கல்லை எதிர் மூலையில், நான்காம் கோடுகள் கூடும் நட்சத்திரப் புள்ளியில் வைத்தார். மூன்றாவது கல்லைப் பலகையின் நட்டநடுவில், 'தெங்கென்' என்னும் புள்ளியில் வைத்தார். அன்றைய ரசிகர்களில் ஒரு சாரார் கொதித்தார்கள், பெரியவரை அவமதித்துவிட்டான் என்று.

ஷூசாய் கொடுத்த பதில்தான் எனக்குப் பிடித்த பகுதி. அவர் பாய்ந்து தாக்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு மூலைகளில், தம் பள்ளி வழிவழியாகச் சொல்லித்தந்த இடங்களிலேயே அமைதியாகக் கல்லை வைத்தார். கற்றுக்குட்டிகள் இங்கேதான் சறுக்குவார்கள். எதிராளி வினோதமான இடத்தில் வைத்துவிட்டால், அது தப்பான ஆட்டம், உடனே தண்டித்தாக வேண்டும் என்று கை பரபரக்கும். அந்தக் கல்லைச் சுற்றியே சண்டையை இழுப்பார்கள். எதிராளியோ அந்தச் சண்டையை வீட்டில் நூறு முறை ஆடிப் பார்த்துவிட்டு வந்திருப்பார்.

வினோதமான கல்லைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதனால் அவருக்கு என்ன லாபம், எதை விட்டுக்கொடுத்தார்? சான்சானில் வைத்தவருக்கு ஒரே கல்லில் மூலை சொந்தம். ஆனால் கல் தாழ்ந்து கிடக்கிறது. மேலிருந்து அழுத்தினால் வெளியுலகம் நமக்கு. தெங்கென் கல்லோ உடனடியாக ஓர் அங்குல நிலத்தைக்கூடத் தராது. ஆனால் கோ ஆட்டத்தில் 'ஏணி' என்றொரு துரத்தல் உண்டு. ஓடும் கல்லைப் படிப்படியாக மூலைவாட்டில் விரட்டிப் பிடிப்பது அது. நடுவில் எதிராளியின் கல் ஒன்று காத்திருந்தால் அந்த ஏணி உடைந்துவிடும். ஆகவே நடுப்பலகையை நோக்கி ஓடும் சண்டைகளைத் தவிர்த்து, மூலைகளைப் பிடிப்பதே புத்தி. ஷூசாயின் தொடக்கத்தில் இருந்த விவேகம் அதுதான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்தக் கால வழக்கப்படி, வெள்ளையாடும் மூத்தவர் நினைத்தபோது ஆட்டத்தை ஒத்திவைக்கலாம். 13 முறை ஒத்திவைத்தார்கள். ஜனவரி 29 வரை இழுத்தது. வெள்ளையின் 160ஆம் கல் ஆட்டத்தைத் திருப்பியது. அதைக் கண்டுபிடித்தது அவருடைய சீடர் ஒருவர்தான் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. ஷூசாய் 2 புள்ளியில் வென்றார். நிதானத்துக்குக் கிடைத்த வெற்றி என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரும் வசதி நமக்கெல்லாம் கிடைக்குமா?

இப்படி வினோதமாகத் தொடங்குவது கோ செய்கெனுக்குப் புதிதல்ல. 1929இல் கிதானி மினோரு என்ற ஆட்டக்காரரோடு ஆடியபோது முதல் கல்லை நட்டநடுவில் வைத்துவிட்டு, கிதானி எங்கே வைத்தாலும் அதற்கு நேர் எதிர்ப்புள்ளியில் வைத்துக்கொண்டே போனார். கண்ணாடியோடு ஆடுவது போல! அறுபது கற்களுக்கு மேல் இப்படியே போயிற்று. கிதானிக்கு எரிச்சல் தாளவில்லை. ஆனாலும் கடைசியில் 3 புள்ளியில் அவரே வென்றார். பின்னாளில் இந்த இருவரும் உற்ற நண்பர்களாகி, 1933 கோடையில் நாகானோ மலைப்பகுதி வெந்நீர் ஊற்று விடுதியில் தங்கியபோதுதான் 'புதிய தொடக்கம்' என்ற ஆட்டமுறையே உருக்கொண்டது.

நம் காலத்துக்கு வருவோம். 2016 மார்ச், சியோல். ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலைத் திகைக்க வைக்க நினைத்த ஆட்டக்காரர் லீ சேடோல், முதல் ஆட்டத்தில் வழக்கத்தில் இல்லாத தொடக்கம் ஒன்றை ஆடினார். திகைப்பு மனிதருக்குரியது, இயந்திரம் கணக்குப் போட்டது, வென்றது. மறு ஆட்டத்தில் அது ஐந்தாம் கோட்டில் வைத்த 37ஆம் கல்லைப் பார்த்து, வர்ணனையாளர்களே தவறோ என்று ஐயுற்றார்கள். அதிலும் ஆல்ஃபாகோதான் வென்றது.

அடுத்த குளிர்காலத்தில் அதே நிரல் இணையத்தில் முன்னணி ஆட்டக்காரர்களோடு 60 ஆட்டங்கள் ஆடி அறுபதையும் வென்றது. நட்சத்திரப் புள்ளியில் எதிராளி கல் வைத்திருக்கும் மூலைக்குள், ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே சான்சானில் புகுந்தது அது. இவ்வளவு சீக்கிரம் புகுந்தால் எதிராளிக்கு வெளியே பெருஞ்சுவர் எழும்பிவிடும் என்று அதுவரை ஆசிரியர்கள் கண்டித்துவந்தார்கள். சுவரை மேலும் பலப்படுத்தும் இரண்டொரு கற்களை வைக்காமல் விட்டுவிட்டால், அந்தச் சுவர் நினைத்த அளவுக்குப் பலமானதில்லை என்று இயந்திரம் காட்டியது.

2017 மே மாதம் சீனாவின் ஊச்சென் நகரில் கே ஜியே என்ற ஆட்டக்காரர் அந்த நிரலை எதிர்த்து உட்கார்ந்தார். அதனிடம் கற்ற சான்சானையே அதன்மேல் திருப்பினார். அரைப் புள்ளியில் தோற்றார். இன்று கோ பழகும் சிறுவர்கள் ஆறேழு கல் விழுவதற்குள் சான்சானில் புகுந்துவிடுகிறார்கள். யாரும் திட்டுவதில்லை.