வேலை தேடும் பிள்ளைகளும் இணையவழி அறிமுகங்களும்

(திருவிழாவையொட்டி ஆலய இளைஞர் பிரிவு நடத்திய கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இளைஞர்களுக்குப் பயன்படும்படி ஏதேனும் பேசுங்கள் என்று செயலாளர் பணித்தபோது முதலில் தயங்கினேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, புகுமுக வகுப்பு வழியாக இடைநிலைப்பள்ளி சென்று, அரசாங்க ஊழியனாகவே இருபதாண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டவன் நான். வேலை தேடிய அனுபவம் எனக்கு ஒரே முறைதான்.

ஆயினும் ஒரு காரணம் பற்றி ஒப்புக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதம் பெறும் வேளையில் யாரேனும் ஒரு தாய் என்னருகே வந்து, "தம்பி, நீங்கள் கவர்மெண்டில் இருக்கிறீர்களே, என் மகனை எங்கேயாவது சேர்த்துவிட முடியாதா?" என்று கேட்பதுண்டு. முடியாது அம்மா என்பதே என் விடை. அரசுப் பணிக்குரிய விண்ணப்பங்கள் பொதுச் சேவை ஆணையம் போன்ற அமைப்புகளின் வழியே செல்கின்றன. அங்கே என் சொல்லுக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. எனினும் அந்தத் தாய் முகம் வாடித் திரும்புகையில், முடியாது என்று சொன்னதோடு என் கடமை தீர்ந்ததா என்ற கேள்வி என்னைப் பல நாள் உறுத்தியது.

சிபாரிசு வேறு, அறிமுகம் வேறு. தகுதியைப் பாராமல் இடம் பிடித்துத் தருவது சிபாரிசு. தகுதியுள்ள ஒருவன் இருக்கிறான் என்பதை ஆள் தேடுவோர் காதில் போட்டு வைப்பது அறிமுகம். நம் பாட்டன்மார் பலரும் இந்நாட்டிற்கு வந்ததே தெரிந்தவர் ஒருவர் வழியாகத்தான். கங்காணி தம் சொந்த ஊருக்குச் சென்று உறவினரையும் அண்டை அயலாரையும் திரட்டி வந்தார். அதில் கடனும் வஞ்சகமும் கலந்திருந்ததை மறுப்பதற்கில்லை. 1938-இல் இந்திய அரசாங்கம் தடை விதித்ததோடு அம்முறை நின்றது. பின்னரும் தோட்டத்தில் ஒருவனுக்கு வேலையென்றால் பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் நகரங்களுக்கு வந்தபின், பக்கத்து வீட்டுக்காரர் என்ன தொழில் செய்கிறார் என்பதே தெரியாத நிலை வந்துவிட்டது.

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோரிடம், அந்தத் தெரிந்தவரை எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பீர்கள் என்று அவர் விசாரித்தார். அடிக்கடி சந்திப்பவர் வழியாகப் பெற்றவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர்தாம். எப்போதாவது சந்திப்பவர், அரிதாகவே காண்பவர் வழியாகப் பெற்றவர்களே எஞ்சிய அனைவரும். சற்றுச் சிந்தித்தால் இதில் வியப்பில்லை. நம் நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதானே!

இந்த எட்டத்து அறிமுகங்களைத் திரட்டித் தருவதே லிங்க்ட்இன் போன்ற இணையத்தளங்களின் வேலை. 2003-இல் மக்கள் பயன்பாட்டிற்கு வந்த அதனை 2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வாங்கியது. நம் நாட்டில் 1997-இல் தோன்றிய ஜாப்ஸ்ட்ரீட், சொக்சோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் ஆகியவற்றையும் அறிவீர்கள். அவை பெரும்பாலும் காலியிடங்களை அறிவிக்கும் பலகைகள். லிங்க்ட்இன் பலகையாகவும் இருக்கிறது, சந்தை கூடும் இடமாகவும் இருக்கிறது.

என் தமக்கை மகன் பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா முடித்தவன். எரிசக்தி ஆணையத்தின் பி.டபிள்யூ. 4 வயர்மேன் சான்றிதழும் வைத்திருக்கிறான். இருந்தும் ஈராண்டுக் காலம் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டு சேர்த்துத்தான் பிழைத்தான். "நூறு இடத்துக்கு அனுப்பிவிட்டேன் மாமா, ஒருவரும் கூப்பிடவில்லை" என்றான். அவனுடைய லிங்க்ட்இன் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பெயர், கல்லூரியின் பெயர், லங்காவிக் கடற்கரையில் கறுப்புக் கண்ணாடியுடன் ஒரு படம். அவ்வளவே! ஆள் தேடும் அதிகாரி வயர்மேன், பி.டபிள்யூ. 4, கூலிம் என்று சொற்களைத் தட்டித்தான் தேடுகிறார். பக்கத்தில் இல்லாத சொல்லுக்கு அவன் எப்படி அகப்படுவான்? ஒரு மாலை முழுவதும் அமர்ந்து, பயிற்சிக் காலத்தில் எந்தப் பலகையைப் பழுது பார்த்தான், எத்தனை கிலோவோல்ட் என்பதுவரை எழுதினோம். வேலைக்குத் தயார் என்னும் குறிப்பை ஆள் தேடுவோருக்கு மட்டும் தெரியும்படி வைத்தோம்.

அடுத்து, அவனுடைய கல்லூரியின் பக்கத்தில் முன்னாள் மாணவர் பட்டியலைத் திறந்தோம். யார் எந்த நிறுவனத்தில் இருக்கிறார்கள் என்று அங்கே காணலாம். கூலிம் தொழிற்பேட்டையில் மட்டுமே பலர் இருந்தனர். அவர்களுக்கு எழுதடா என்றேன். அவன் முகம் சுருங்கிற்று. "முன்பின் தெரியாதவரிடம் எப்படி மாமா? கையேந்துவதுபோல் இருக்கிறதே." நம் பிள்ளைகளைத் தடுப்பது ஆங்கிலம் என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மையில் தடுப்பது இந்தக் கூச்சம்தான். அதை வளர்த்தவர்கள் நாமும்தான். வேலை கேளாதே, வேலையைப் பற்றிக் கேள் என்றேன். எந்தச் சான்றிதழை மதிக்கிறார்கள், பணிமுறை எப்படி என்று நான்கே வரிகள். முதலாமவர் பதில் எழுதவில்லை. இரண்டாமவரும் அப்படியே. மூன்று வாரம் கழித்து மூன்றாமவர் எழுதினார்: தொழிற்சாலை நேரடியாக எடுப்பதில்லை, பராமரிப்புக் குத்தகையாளர் வழியே எடுக்கிறார்கள், சார்ஜ்மேன் தேர்வுக்கும் படி என்று. குத்தகையாளரின் பெயரையும் தந்தார். நேர்முகத்தில் தேறி ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தான். நிரந்தரம் அன்று. ஆனாலும் படித்த தொழில்.

அந்த மூன்றாமவர் யார் தெரியுமா? நம் அன்னதானப் பந்தியில் ஆண்டுதோறும் சாம்பார் வாளி தூக்குகிறாரே, அந்த அன்பர்தான்! என் மருமகன் அவர் கையால் எத்தனையோ முறை வாங்கி உண்டிருக்கிறான். அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

எச்சரிக்கையும் ஒன்று சொல்லவேண்டும். 2022-இல் கம்போடியாவிலும் மியன்மாரிலும் வேலையென்று நம்பிச் சென்று, மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய மலேசியர்களைப் பற்றிய செய்திகளைப் படித்தோம். படிப்பு வேண்டாம், சம்பளம் ஏராளம், விமானச் சீட்டு இலவசம் என்று எவர் எழுதினாலும் விலகி நில்லுங்கள். நம் வட்டாரத்துப் பிள்ளை ஒருவன் கடப்பிதழ் எடுக்கும் வரை போய்விட்டான். தாயார் வந்து அழுததால் தடுக்க முடிந்தது. வேலை வாங்கித் தரும் முகவர்கள் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற்றிருக்கவேண்டும், அதைக் கேளுங்கள். அடையாள அட்டை எண்ணையும் வீட்டு முகவரியையும் உங்கள் பக்கத்தில் போடாதீர்கள். மோசடிக்காரரிடம் பணம் செலுத்திவிட்டால் வெட்கப்படாமல் உடனே 997 எண்ணை அழையுங்கள்.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். நம் உறுப்பினர் பாரத்தில் பெயர், முகவரி, சந்தா எல்லாம் இருக்கின்றன, தொழில் இல்லை. விருப்பமுள்ளோர் மட்டும் நிரப்ப ஒரு கட்டம் சேருங்கள்: என்ன தொழில், இளைஞர் ஒருவர் வந்து கேட்டால் பேசச் சம்மதமா என்று. செலவு ஏதுமில்லை.

அடுத்த நான்கு வெள்ளிக்கிழமையும் பூசைக்குப்பின் மண்டபத்தின் வலப்பக்க மேசையில் மடிக்கணினியுடன் இருப்பேன். பிள்ளைகள் சான்றிதழ்களையும் கழுத்துப்பட்டை வைத்த சட்டையில் எடுத்த படம் ஒன்றையும் கொண்டுவரட்டும். கடவுச்சொல்லை மறந்துவிட்டு வராதீர்கள். என் மருமகன் அதற்கே அரைமணி நேரம் எடுத்துக்கொண்டான்.