சர்வதேச விவகாரமும் பாடத் தெரிவும்



சர்வதேச விவகாரங்களைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு கலைமாணிப் பட்டம் பெற விழையும் மாணவர் பலர், இராசதந்திரம், உலக அரசியல் ஆகிய பாடங்களையே நாடுகின்றனர். பொருளியலையும் சட்டத்தையும் கடினமெனத் தவிர்க்கின்றனர். அதன் விளைவு இறுதியாண்டு ஆய்விலேதான் புலப்படும்.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். பாக்கு நீரிணை மீன்பிடிப் பிணக்கை ஒரு மாணவர் ஆராயப் புகுகின்றார் எனக் கொள்வோம். இலங்கையும் இந்தியாவும் 1974ஆம், 1976ஆம் ஆண்டுகளிற் செய்த கடலெல்லை உடன்படிக்கைகளை விளங்கிக்கொள்ளச் சட்டவறிவு வேண்டும். எல்லை வருமுன் இருகரை மீனவரும் தொழில் புரிந்தவாற்றை வரலாறு கூறும். ஒடுங்கிய அக்கடலின் இயல்பைப் புவியியல் உணர்த்தும். இழுவைப் படகுகள் எல்லை தாண்டுவதேன், வடபகுதி மீனவர் இழப்பதென்ன என்பவற்றைப் பொருளியலின்றிக் கணித்தல் இயலாது. இவையின்றி எழுதப்படுவது ஆய்வன்று, வெறும் அபிப்பிராயமே.

ஆகவே, முதலாண்டிலே வரலாறு, அரசறிவியல், பொருளியல் ஆகியவற்றுக்கு அடித்தளமிடுக. இரண்டாமாண்டிற் சர்வதேசச் சட்டமும் புள்ளிவிபரவியலும் பயில்க. மூன்றாமாண்டில் ஒரு பிரதேசத்தைத் தெரிந்து ஆழ்ந்து கற்க. நான்காமாண்டை ஆய்வுக்கு ஒதுக்குக. பிறமொழியொன்றை முதலாண்டிலேயே தொடங்குதல் நன்று; மொழிப்பயிற்சி இறுதியில் அவசரமாகப் பெறக்கூடியதன்று. பல்கலைக்கழகங்களின் விதிகள் வேறுபடுமாதலின், விரிவுரையாளரைக் கலந்தே முடிவு செய்க.

பெற்றோரே, எப்பாடத்தில் எளிதிற் புள்ளி பெறலாம் என்று பிள்ளையிடம் கேளாதீர்கள். நாளை அப்பிள்ளை பேச்சுவார்த்தைக்கு அமரும் அதிகாரியாகலாம். அன்று அவர் கல்லாது விட்ட பாடத்தால் நட்டமடைபவர் கரையிலுள்ள மீனவரே.