எல்லைக் கதவும் வெங்காயப் பட்டறையும்

(வானொலியில் ஒலிபரப்பான பேச்சு)



இன்றைக்கு வெங்காயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பாத்தி கட்டுவது, களை எடுப்பது இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதை நீங்கள் எனக்கே சொல்லிக் கொடுப்பீர்கள். நான் பேச வந்தது விலையைப் பற்றி. அதிலும், நம் ஊர் மண்டியிலே உண்டாகாத விலையைப் பற்றி.

எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இருக்கிறார். கிணற்றுப் பாசனம், இரண்டு ஏக்கர். 2023 ஆடியிலே சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போனதைப் பார்த்தார். "இந்தத் தடவை விடக்கூடாது"ன்னு ஐப்பசிப் பட்டத்துக்கு இன்னும் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்தார். வீட்டம்மா தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்தார். விதை வெங்காயத்தை விலை உச்சியில் இருந்தபோது வாங்கி ஊன்றினார். பயிர் நன்றாகத்தான் வந்தது. ஆனால் தை மாதம் வெட்டும்போது, விதை வாங்கின விலையில் பாதிகூடக் கிடைக்கவில்லை. மழை கெடுக்கவில்லை, திருகல் நோய் கெடுக்கவில்லை. பின்னே என்ன கெடுத்தது? எல்லோரும் அவரைப் போலவே நினைத்து ஊன்றினது ஒன்று. நடுவிலே எல்லைக் கதவு சாத்தினது இன்னொன்று.

அதென்ன எல்லைக் கதவு என்று கேட்கிறீர்களா? நாட்டிலிருந்து சரக்கு வெளியே போவதற்கும், வெளிச் சரக்கு உள்ளே வருவதற்கும் அரசாங்கம் போடுகிற சட்டதிட்டம்தான் அது. வெங்காயத்துக்கு அந்தக் கதவை மூன்று விதமாகச் சாத்தலாம்.

முதலாவது, முழுத் தடை. ஒரு மூட்டைகூடக் கப்பல் ஏறாது.

இரண்டாவது, குறைந்தபட்ச ஏற்றுமதி விலை. "இந்த விலைக்குக் கீழே வெளிநாட்டுக்கு விற்காதே" என்பது. பேருக்குக் கதவு திறந்திருக்கும். ஆனால் அந்த விலை கொடுத்து வாங்க அயல்நாட்டான் வர வேண்டுமே!

மூன்றாவது, ஏற்றுமதி வரி. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கிலோ 30 ரூபாய் மதிப்புள்ள சரக்குக்கு 40 சதவீதம் வரி என்றால் 12 ரூபாய். அந்த 12 ரூபாயை யார் கொடுப்பது? வெளிநாட்டு வியாபாரி, "எனக்குப் பாகிஸ்தானில் கிடைக்கும், எகிப்தில் கிடைக்கும்" என்பான். ஏற்றுமதிக்காரர் கைக்காசைப் போட மாட்டார். கடைசியிலே அது மண்டி வழியாக இறங்கி இறங்கி, நம் பட்டறை வாசலுக்குத்தான் வந்து சேரும்.

இப்போது நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். 2019 செப்டம்பரில் மகாராஷ்டிரத்திலும் கர்நாடகத்திலும் மழையால் பயிர் கெட்டது. செப்டம்பர் 29ஆம் தேதி முழுத் தடை வந்தது. 2020 மார்ச் 15 வரை அது நீங்கவில்லை. அதே 2020 செப்டம்பர் 14இல் மறுபடியும் தடை. 2021 ஜனவரி 1இல் எடுத்தார்கள். 2023 ஆகஸ்டில் 40 சதவீத வரி. அக்டோபர் கடைசியில் டன்னுக்கு 800 டாலர் என்று குறைந்தபட்ச விலை. டிசம்பர் 8 முதல் முழுத் தடை. 2024 மே 4ஆம் தேதி தடையை நீக்கினார்கள். ஆனால் டன்னுக்கு 550 டாலர் குறைந்தபட்ச விலை, அதற்கு மேலே 40 சதவீத வரி. அன்றைய மாற்று மதிப்பில் அந்த 550 டாலர் கிலோவுக்கு ஏறக்குறைய 46 ரூபாய். வரியையும் சேர்த்தால் 64 ரூபாய்க்குப் பக்கம். 2024 செப்டம்பரில் குறைந்தபட்ச விலையை எடுத்துவிட்டு வரியை 20 சதவீதம் ஆக்கினார்கள். அந்த வரியும் 2025 ஏப்ரல் 1ஆம் தேதியோடு போனது.

கூட்டிப் பாருங்கள். ஆறு வருஷத்திற்குள் எத்தனை தடவை கதவு சாத்தித் திறந்திருக்கிறது! நம் சின்ன வெங்காயமோ இரண்டரை, மூன்று மாதப் பயிர். ஊன்றும்போது ஒரு சட்டம், வெட்டும்போது வேறு சட்டம்.

"நாசிக் பெரிய வெங்காயத்துக்குப் போட்ட தடை நம்மை ஏன் பிடிக்கணும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாசிக்கில் இருந்து வெளியே போகாத சரக்கு சும்மா இருக்குமா? லாரி ஏறித் தெற்கே வரும். பெரிய வெங்காயம் மலிந்தால் சாம்பாருக்குக்கூட அதையே அரிந்து போட்டுவிடுவார்கள். அதுவுமில்லாமல், நம் சின்ன வெங்காயத்துக்கு இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று கடல் தாண்டியும் கிராக்கி உண்டு. அந்த வழியும் அடைபடும்போது இரண்டு பக்கத்து அடியும் நம்மேல்தான்.

நம்மைவிட அதிகமாக அடிபட்டவர்களும் உண்டு. கர்நாடகத்தில் சிக்கபள்ளாப்பூர், கோலார் பக்கம் விளைகிற பெங்களூர் ரோஸ் வெங்காயத்தை உள்ளூரிலே சாப்பிடுவார் அதிகம் இல்லை, வெளிநாட்டுக்கென்றே விளைவிப்பது. 2020 தடையில் அதையும் சேர்த்தார்கள். அந்த விவசாயிகளுக்கு விற்க வேறு இடமே இல்லை. கூச்சல் எழுந்த பிறகு, அக்டோபரில் 10,000 டன்னுக்கு மட்டும் தனி அனுமதி கிடைத்தது. ஒரே ஒரு வாசலை நம்பி விதைத்தால் வரும் கஷ்டம் இது.

சரி, கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் கதை என்ன? வங்கதேசத்தில் 2019 நவம்பரில் வெங்காயம் கிலோ 200 டாக்காவுக்கு மேலே போய், விமானத்திலே வரவழைத்தார்கள். அதற்கு முந்தின மாதம், அப்போது அந்நாட்டுப் பிரதமராயிருந்த ஷேக் ஹசீனா டெல்லிக்கு வந்தார். வெங்காயம் இல்லாமலே சமைக்கச் சமையல்காரரிடம் சொல்லிவிட்டதாகவும், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றும் கூட்டத்திலே பேசினார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அது சிரிக்கிற விஷயம் மட்டும் இல்லை. இங்கே கதவு சாத்தினால், வாங்குகிறவன் வேறு கடை தேடுவான். பாகிஸ்தான், சீனா, எகிப்து, துருக்கி என்று போய்ப் பழகிவிடுவான். நாம் திரும்பக் கதவைத் திறக்கும்போது பழைய வாடிக்கைக்காரன் அப்படியே காத்திருப்பான் என்று சொல்ல முடியாது. அதோடு, வாங்குகிற நாடுகளும் தங்கள் அறுவடைக் காலத்தில் கதவைச் சாத்துகின்றன. இலங்கையில் உள்ளூர் வெங்காயம் வெட்டும்போது இறக்குமதி வரியை ஏற்றுவார்கள். வங்கதேசம் இறக்குமதி அனுமதியையே நிறுத்தி வைக்கும். அவர்கள் விவசாயியைக் காப்பாற்ற அவர்கள் செய்கிறார்கள். அதைக் குற்றம் சொல்ல முடியாது.

கதவு சாத்துவது எப்போதும் விவசாயிக்குக் கெடுதல்தானா? அப்படியும் சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1970க்குப் பிறகு சில வருஷம் இலங்கை அரசு வெளிநாட்டு மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கிப் பிடித்தது. அந்தக் காலத்திலே யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர்கள் மிளகாயும் வெங்காயமும் போட்டு நல்ல காசு பார்த்தார்கள். 1977இல் ஆட்சி மாறிற்று. திறந்த பொருளாதாரம் என்று கதவைத் திறந்தார்கள். வெளிச் சரக்கு வந்து குவிந்தது, விலை விழுந்தது. அதே கிணறு, அதே செம்மண், அதே உழைப்பாளி. சட்டம் ஒன்றுதான் மாறினது.

இதிலே அரசாங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2019 டிசம்பரில் பல நகரங்களிலே பெரிய வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. கூலி வேலைக்குப் போகிறவன் அரைக் கிலோ வாங்க யோசித்தான். அவனும் நம் ஊர்க்காரன்தான். நம் வயலிலே களை எடுக்கிறவள் வீட்டிலும் உலை வைக்கணும். ஆனால் விலை ஏறும்போது ஒரே நாளில் கதவைச் சாத்தத் தெரிகிற அரசுக்கு, விலை விழும்போது அதே வேகத்தில் திறக்கவும் தெரிய வேண்டும். ஊன்றுவதற்கு முன்பே "இந்தப் பருவத்துக்கு இதுதான் சட்டம்" என்று சொன்னால் விவசாயி கணக்குப் போட்டுக்கொள்வான். இதை உங்கள் சங்கத்தின் மூலமாக, குறை தீர்க்கும் கூட்டத்திலே கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

அதுவரைக்கும் நம் கையில் இருக்கிறதைச் செய்வோம். ஐந்து விஷயம் சொல்கிறேன்.

ஒன்று. விலை உச்சியில் இருக்கும்போது பரப்பைக் கூட்டாதீர்கள். இன்றைய விலை, மூன்று மாதம் முன்னால் ஊன்றினவனுக்கு. இன்று ஊன்றுகிறவனுக்கு அல்ல. வெங்காயம் போடுகிற நிலம் எவ்வளவோ, அந்த அளவிலேயே நில்லுங்கள்.

இரண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊன்றாதீர்கள். இரண்டு தவணையாக, இருபது நாள் இடைவெளி விட்டு ஊன்றினால் அறுவடையும் பிரியும். ஒரு வாரத்து விலை உங்கள் வருஷத்தையே அடித்துக்கொண்டு போகாது.

மூன்று. விதை வெங்காயத்தைச் சொந்தப் பட்டறையிலேயே எடுத்து வையுங்கள். செலவிலே பெரிய பங்கு விதைக்குத்தான். அடகுக்கடைக்குப் போகிற நகை பெரும்பாலும் விதைக்குத்தான் போகிறது. விதையால் நாற்று விட்டுப் பயிர் செய்யக்கூடிய கோ 5 ரகம் இருக்கிறது. அதில் விதைச் செலவு வெகுவாகக் குறையும். நாள் கொஞ்சம் கூட ஆகும். பார்த்து முடிவு செய்யுங்கள்.

நான்கு. பட்டறையைச் சரியாகப் போடுங்கள். கல் வைத்து, தரையிலிருந்து உயர்த்தி, காற்று நான்கு பக்கமும் நுழைகிற மாதிரி அகலம் குறைவாகக் கட்டி, மேலே தென்னங்கீற்றோ கரும்புச் சோகையோ போட்டு மூடுங்கள். பட்டறைக்குப் போகிற வெங்காயத்துக்கு யூரியாவைக் கடைசியிலே அள்ளிப் போடக்கூடாது. அறுவடைக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தணும். தாளோடு நிழலிலே உலர்த்தி, அடிபட்டதையும் அழுகலையும் பொறுக்கி எடுத்த பிறகே ஏற்றுங்கள். கதவு சாத்தின வாரத்தில் வந்த விலைக்குத் தள்ளிவிடாமல் இரண்டு மாதம் பொறுக்கிற பலத்தைத் தருவது இந்தப் பட்டறைதான்.

ஐந்து. செய்தியைப் பாதியிலே கேட்காதீர்கள். "வெங்காயத் தடை நீங்கியது" என்று யாராவது சொன்னால், தடை மட்டும்தானா, வரி இருக்கிறதா, குறைந்தபட்ச விலை இருக்கிறதா, எந்தத் தேதி வரைக்கும் என்று விசாரியுங்கள். 2024 மே மாதம் "கதவு திறந்தாச்சு" என்று சந்தோஷப்பட்டவர்கள் 64 ரூபாய்க் கணக்கைப் பார்க்கவில்லை.

நான் முதலில் சொன்ன அந்த விவசாயி இப்போது பழைய இரண்டு ஏக்கரிலே ஒரு ஏக்கர்தான் வெங்காயம் போடுகிறார். மீதியில் கடலையும் கொஞ்சம் மிளகாயும். சங்கிலி மீட்டாச்சு, தோடு இன்னும் அடகிலேதான் இருக்கிறது. "அடுத்த வெட்டுக்கு மீட்டுடுவேங்க"ன்னு சொல்கிறார். பட்டறையும் புதுசாகக் கட்டியிருக்கிறார்.

எல்லைக் கதவின் சாவி நம் கையில் இல்லை. பட்டறையின் சாவி நம் கையில் இருக்கிறது. அதை விட்டுவிடாதீர்கள்.