கப்பல் கரை சேர்ந்தாலும்...



கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித மேதை 1877-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பலோ பழசு. பழுது பார்க்கணும் என்கிறார்கள். செலவாகுமே! "இத்தனை தடவை போய் வந்ததுதானே, ஆண்டவன் பார்த்துக்குவான்" என்று மனசைத் தேற்றிக்கொண்டு, ஆட்களை ஏற்றி அனுப்பிவிடுகிறார். நடுக்கடலில் மூழ்கிவிடுகிறது.

அவர் மனதார நம்பினார், பொய் சொல்லலை. ஆனாலும் குற்றவாளியே என்கிறார் கிளிஃபோர்டு. கப்பல் பத்திரமாய்க் கரை சேர்ந்திருந்தாலும் குற்றம் குற்றம்தானாம்! சோதிக்காமல் நம்ப அவருக்கு உரிமை இல்லை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரலை. ஒருமுறை, கான்கிரீட் கியூப்பின் 28 நாள் ரிசல்ட் வருமுன்பே, "7 நாள் ரிசல்ட் நல்லாத்தானே இருக்கு" என்று கையெழுத்துப் போட்டவன் நான். ரிசல்ட் பிறகு சரியாகவே வந்தது. அதுதான் உறுத்துகிறது.

1896-ல் வில்லியம் ஜேம்ஸ் இதற்கு மறுப்புச் சொன்னார்: ஆதாரத்தால் தீர்க்க முடியாத, தள்ளிப்போடவும் முடியாத கேள்விகளில் மனம் ஒரு பக்கம் சாயலாம். கடவுள் நம்பிக்கை அப்படிப்பட்டது. கோயிலுக்குப் போகிற நான் ஜேம்ஸ் கட்சிதான். ஆனால் கியூப் அப்படியில்லையே! இன்னும் 21 நாள் பொறுத்தால் அதுவே பதில் சொல்லிவிடும்.

இப்போதெல்லாம் பொறுக்கிறேன். காண்ட்ராக்டருக்குத்தான் என்மேல் கோபம்.